ஊற்றுள்ள ஊரில் ஒரு தொட்டி

தண்ணீரூற்றில் ஒரு வளவுக்குள் நாங்கள் பைபர்கிளாஸில் மீன்தொட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, வேலியால் எட்டிப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஊத்து இருக்கிற ஊரில தொட்டி ஏன் பிள்ளையள்?"

நியாயமான கேள்வி. முள்ளியவளைக்குப் பக்கத்தில், ஊற்றங்கரைப் பிள்ளையார் கோவிலும் வயலும் தென்னையுமாக இருக்கிற ஊர். பெயரிலேயே தண்ணீர் இருக்கு. இங்கே தண்ணீரை ஒரு பாத்திரத்துக்குள் அடைத்து, அதற்குள் மீனை விட்டு, அந்தத் தண்ணியில் கீரை வளர்க்கப் போறம் எண்டு சொன்னால் ஆருக்கும் சிரிப்புத்தான் வரும்.

அந்த நேரம் எங்களிடம் ஒழுங்கான பதில் இருக்கேல்லை. இணையத்தில் பார்த்தம், ஆசைப்பட்டம், தொடங்கினம். பிறகுதான் அந்தத் தொட்டி எங்கட வளவுக்கு எந்த வழியால் வந்தது என்று தேடத் தொடங்கினோம். தேடினால் ஒரு பக்கம் அமெரிக்கா, ஒரு பக்கம் நோர்வே, காரைநகர், முல்லைத்தீவுக் கடற்கரை, போர், சுனாமி என்று கதை நீளுது. எங்கட கையில் பசையாக ஒட்டியிருந்த அந்த ரெசினுக்கு எங்களை விட வயது கூட.

குளம், கிணறு, குடம்

வன்னியில் தண்ணீரை வைத்திருக்கிற வழிகள் மூன்று. முதலாவது குளம். முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம், இரணைமடு என்று பெரியவையும், ஊருக்கு ஊர் சின்னக் குளங்களும். குளம் ஊருக்குப் பொது. அணைக்கட்டு, துருசு, வாய்க்கால், ஆருக்கு எப்ப தண்ணி என்பதெல்லாம் ஆக்கள் கூடியிருந்து முடிவெடுக்கிற விசயம். இரண்டாவது கிணறு. அது காணிக்குச் சொந்தம். காணி இருந்தால் கிணறு இருக்கும், காணி போனால் கிணறும் போகும். மூன்றாவது குடம், பானை. அது ஆளுக்குச் சொந்தம். இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

இந்தப் பக்கத்து ஆக்களுக்குக் குடத்தின் பெருமை தெரியும். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னர், கடலில் இருந்து எடுத்துவருகிற உப்புநீரில்தான் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் விளக்கெரியும். கடல் ஒரு பாத்திரத்துக்குள் அடங்கி ஊருக்குள் வருகிற வழக்கம் அது.

குடமும் பானையும் ஏன் உருண்டையாக இருக்கின்றன என்று நாங்கள் யோசித்ததே இல்லை. தொட்டி கட்டேக்கைதான் விளங்கினது. தண்ணீர் பக்கச்சுவரைத் தள்ளும். எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குத் தள்ளும். சுவர் தட்டையாக இருந்தால் நடுவில் வயிறு தள்ளும். சுவர் வட்டமாக இருந்தால் அந்தத் தள்ளல் முழுவதும் சுவரைச் சுற்றி இழுவையாகப் பரவும், ஒரு இடத்திலும் வளைக்காது. அதனால்தான் மெல்லிய மண்சுவர் கூட அத்தனை தண்ணியைத் தாங்குது. குயவருக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது.

மீனும் பயிரும் ஒரே தண்ணியில் வாழ்வதும் எங்களுக்குப் புதிது இல்லை. குளத்தில் விராலும் கெளிறும் இருக்கும். 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா பிறகு நாடு முழுக்கக் குளங்களை நிரப்பினது. மீனும் மாடும் கழித்த சத்தோடுதான் குளத்துத் தண்ணி வாய்க்காலால் வயலுக்குப் போகும். இண்டைக்கு 'அக்குவாபோனிக்ஸ்' என்று சொல்லுகிற மீன்-பயிர் வளர்ப்பு இதே வேலையைச் சின்ன இடத்தில், வேகமாக, பம்ப் வைத்துச் செய்யுது. மீன் வெளியேற்றும் அமோனியாவை ஒரு வகைப் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றைச் செடி உறிஞ்சும். தண்ணி துப்பரவாகித் திரும்ப மீனிடம் வரும். குளத்தில் இது பல ஏக்கரில் நடக்கிறது. வளவில் நாலடி வட்டத்துக்குள் நடக்கவேண்டும். அதுக்குத்தான் தொட்டி.

கண்ணாடி நூலும் ரெசினும்

பைபர்கிளாஸ் என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, கண்ணாடியை உருக்கி முடியை விட மெல்லியதாக இழுத்த நூல். மற்றது, அந்த நூலைப் பிடித்து வைத்திருக்கிற ரெசின். நூல் இழுவையைத் தாங்கும், ரெசின் வடிவத்தைத் தாங்கும். எங்கட பழைய வீடுகளின் மண்சுவரில் வைக்கோல் போட்டுக் குழைக்கிற அதே யோசனைதான்.

1930களில் அமெரிக்காவில் கண்ணாடி நார் தொழிற்சாலை அளவில் வந்தது. அதே பத்தாண்டில் பொலியெஸ்ரர் ரெசினும் வந்தது. சூளை இல்லாமல், அழுத்தும் இயந்திரம் இல்லாமல், சாதாரண வெப்பத்திலேயே இறுகச் செய்யக்கூடிய ரெசின் வகைகள் கிடைத்ததும் எல்லாம் மாறினது. 1942இல் ஒகாயோ மாநிலத்தில் ரே கிறீன் என்பவர் கண்ணாடி நாரில் ஒரு சிறு படகு செய்தார். உலகப் போர் இந்தப் பொருளை வேகமாக வளர்த்தது. போர் முடிந்த பிறகு அது படகாக, காராக, தண்ணீர்த் தாங்கியாக வீட்டுப் பக்கம் வந்தது.

மீன்தொட்டிக்கு அது வந்த கதை எங்களுக்குக் கனக்கப் பிடித்தது. 1969இல் ஜோன் ரொட், நான்சி ஜக் ரொட், வில்லியம் மக்லானி ஆகியோர் நியூ அல்கெமி இன்ஸ்ரிற்யூட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேப் கொட் பகுதியில் ஒரு பழைய பண்ணையில் இருந்துகொண்டு, பெரிய கம்பனிகளை நம்பாமல் ஒரு குடும்பம் தன் சாப்பாட்டை எப்படி உற்பத்தி செய்யலாம் என்று 1970கள் முழுக்கப் பரிசோதித்தார்கள். அவர்கள் வைத்திருந்தவற்றில் ஒன்று வெளிச்சம் ஊடுருவுகிற பைபர்கிளாஸ் உருளைத் தொட்டி. ஐந்தடி அகலம், ஐந்தடி உயரம். பக்கத்தால் வெயில் உள்ளே போய்ப் பாசி வளரும், பாசியைத் திலாப்பியா தின்னும், மீன் இருந்த தண்ணி மரக்கறிக்குப் போகும்.

1980களில் கரிபியனில் வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் றக்கோசியும் கூட்டாளிகளும் இதை அளவுகளோடு ஒழுங்கான முறையாக்கினார்கள். அவர்கள் வளர்த்ததும் திலாப்பியாதான். தண்ணீர்த் தட்டுப்பாடான தீவு, சின்ன நிலம், இறக்குமதிச் சாப்பாடு. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அக்குவாபோனிக்ஸ் வேர் பிடித்தது. பொழுதுபோக்காக அது பணக்கார நாடுகளின் பின்வளவுகளுக்குப் போனது அதற்குப் பிறகு.

காரைநகரும் பதினெட்டடிப் படகும்

எங்கட பக்கத்துக்குப் பைபர்கிளாஸ் வந்தது கடலால். 1958இல் இலங்கை அரசு மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பூட்டுகிற திட்டத்தைத் தொடங்கினது. அதுவரைக்கும் கட்டுமரமும் வள்ளமும் தோணியும்தான். நல்ல மரம் குறையக் குறைய, எஞ்சின் பூட்டக்கூடிய பாரமில்லாத ஒரு படகு தேவைப்பட்டது. பதினேழரை, பதினெட்டு அடி நீளமான பைபர் படகு அந்த இடத்தைப் பிடித்தது. உக்காது, புழு அரிக்காது, நாலு பேர் சேர்ந்தால் மணலில் இழுத்து ஏத்தலாம்.

வடக்கில் இந்தக் கதையின் முக்கியமான இடம் காரைநகர். 1960களின் பிற்பகுதியில் நோர்வேயைச் சேர்ந்த ஆர்ண பியோர்தொவ்ற் முன்னின்று தொடங்கிய சீநோர் திட்டம் அங்கே படகு கட்டும் தளம் அமைத்தது. குருநகரில் வலைத் தொழிற்சாலை வந்தது. 'சிலோன்', 'நோர்வே' இரண்டையும் சேர்த்த பெயர்தான் சீநோர். எங்கட அப்பப்பா காலத்து ஆக்களிடம் கேட்டால் இடத்தின் பெயராகவே அதைச் சொல்லுவினம். போர் அந்தத் தளத்தை முடக்கினது. ஆனால் படகு கட்டுகிற வேலை அதுக்கு முதலே கரையெங்கும் பரவிவிட்டது.

இந்த வேலைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை என்பதுதான் அதுக்குக் காரணம். ஒரு அச்சு, கண்ணாடி நார் விரிப்பு (வேலையாக்கள் 'மற்' எண்டு சொல்லுவினம்), ரெசின், ஹார்ட்னர், ஒரு பிறஷ், ஒரு றோலர். ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்தால் பழகலாம். படகு வைத்திருக்கிற ஒவ்வொரு கரையிலும் படகு 'ஒட்டுகிற' ஒருவர் உருவானார். பாறையில் அடிபட்டு வெடித்த அடியை அவர் ஒட்டித் தந்தால்தான் அடுத்த நாள் தொழில்.

கதைக்காமல் விட்ட பக்கம்

1990இல் இருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றறி, சீமெந்து, உரம் எல்லாம் தடை. அந்த நேரம் சனம் எதையும் வேறொன்றாக்கப் பழகினது. ஜாம் போத்தல் விளக்கானது. சைக்கிள் டைனமோவில் றேடியோ பாடினது. மோட்டச் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடினது. இந்தப் பெருமையை எங்கட ஆக்கள் நிறைய எழுதியிருக்கினம்.

அதே வருசம் ஒக்ரோபரில் நடந்த இன்னொன்றைக் குறைவாகத்தான் எழுதியிருக்கினம். வடக்கில் இருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்த குடும்பங்களும் அதில் அடக்கம். கனபேர் புத்தளத்துக்குப் போனார்கள். கிணறு காணிக்குச் சொந்தம் என்று மேலே எழுதினோம். கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் பற்றை மூடின காணிக்குள் எல்லையையும் கிணற்றையும் தேடவேண்டி இருந்தது. தண்ணீரூற்றின் தண்ணீரைப் பற்றி எழுதுகிற எவரும் இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்று நினைக்கிறோம்.

பைபர்கிளாஸுக்கும் ஒரு போர்க்காலம் இருக்கு. கடற்புலிகள் தங்கட படகுகளைப் பெரும்பாலும் பைபர்கிளாஸிலேயே கட்டினார்கள். 2009இல் இராணுவம் முன்னேறினபோது முல்லைத்தீவின் காடுகளுக்குள் படகு கட்டின இடங்களும், நீருக்குள் பாதி தாழ்ந்து போகிற மாதிரிக் கட்டிக்கொண்டிருந்த கலங்களும் கண்டெடுக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தப் படகுகள் எதுக்குக் கட்டப்பட்டன, அதில் போன எத்தினை பிள்ளைகள் திரும்பேல்லை என்பது எங்கட ஊர்களுக்குத் தெரியும். அதைப் பெருமைக்கதையாக எழுத எங்களுக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். இந்த வேலை தெரிஞ்ச கை இப்பவும் வன்னியில் இருக்கு. ஆனால் எங்க பழகினது என்று கேட்டால் கதை நின்றுவிடும். பயம் ஒரு காரணம், களைப்பு இன்னொரு காரணம். ஒரு தொழிலறிவு யாரிடம் இருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாத நிலையில், அது அந்த ஆக்களோடேயே முடிந்துவிடும்.

தண்ணி அள்ளிக் குடுத்த வருசங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் முல்லைத்தீவுக் கரை ஆயிரக்கணக்கான உயிர்களை இழந்தது. கரையில் இருந்த படகுகள் நொறுங்கின. பிறகு நாடெங்கும், தமிழ்நாட்டுக் கரையிலும், தொண்டு நிறுவனங்கள் பைபர் படகுகளைக் கொட்டிக் குடுத்தன. அவசரத்தில் கட்டினவற்றில் கனக்க தரமில்லாமல் போனது. சில இடங்களில் மற் காணாது, சில இடங்களில் ரெசின் கூட, காற்றுக்குமிழி நிறைய. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு இதைக் கவனித்து, பைபர் படகு கட்டுகிறவர்களுக்குப் பயிற்சிக் கையேடே வெளியிட்டது. அந்தப் பாடம் தொட்டிக்கும் பொருந்தும். பார்க்க வழுவழுப்பாக இருக்கிற பைபர் எல்லாம் பலமான பைபர் இல்லை. பலம் உள்ளே இருக்கிற கண்ணாடி நாரில், அதற்குள் காற்று இல்லாமல் ரெசின் ஊறினதில்.

2009இல் மெனிக் பாம். தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வாளி வரிசை. எங்களில் சிலருக்குச் சின்ன வயது ஞாபகம் என்றால் அதுதான் முதல் ஞாபகம். ஊரில் ஊற்றும் கிணறும் இருந்த சனம், ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் என்று எண்ணிக் குளிச்சது.

அதுக்கும் பிறகு 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. 2022இல் டொலர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. படகுகள் கரையில் கிடந்தன. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. யூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமை லீவு குடுத்தார்கள். எங்கட குழுவில் வீட்டுத்தோட்டக் கதை தொடங்கினதும் அந்த மாதங்களில்தான். உரத்துக்கு மீன், மீனுக்குத் தொட்டி என்று ஒன்றைத் தொட்டு மற்றது வந்தது.

தொட்டி

முதல் தொட்டி பிழைச்சது. பலகையில் பெட்டி அச்சு அடித்து, சதுரமாகக் கட்டினோம். முக்கால்வாசிக்குத் தண்ணி விட்டதும் நாலு பக்கமும் வயிறு தள்ளினது. இரண்டாம் நாள் மூலையில் வெள்ளைக் கோடு விழுந்தது. கரையில் படகு ஒட்டுகிற ஒரு மாமா வந்து பார்த்தார். சிரிக்கேல்லை. பானையைப் பாக்கேல்லையோ என்று மட்டும் கேட்டார். இரண்டாவது தொட்டி அவர் சொல்லச் சொல்லக் கட்டினது.

நாலடி அகலம், இரண்டரையடி உயரம். ஒழுங்கான தட்டைத் தகரத்தை வட்டமாகச் சுற்றி, உள்ளே பலகை வளையம் வைத்து முட்டுக்குடுத்து, மேலே வட்டப் பலகை மூடி, கவிழ்த்து வைத்த தொட்டியின் வடிவத்தில் அச்சு. மூலை கூராக இருக்கக்கூடாது, உருட்டிவிட வேண்டும். ரெசின் இறுகேக்கை கொஞ்சம் சுருங்கி அச்சை இறுக்கிப் பிடிக்கும். அதனால் உள்ளே இருக்கிற முட்டுகளைக் கழட்டினால் தகரம் உள்ளுக்கு மடியிற மாதிரி அச்சைச் செய்யவேண்டும். இதைச் சொல்லித்தராவிட்டால் அச்சை வெட்டித்தான் எடுத்திருப்பம்.

அச்சுக்கு மெழுகு நாலைந்து தரம் பூசித் துடைக்கவேண்டும். பிறகு ஜெல்கோட். அதுதான் தொட்டியின் உள்முகம், தண்ணி தொடுகிற பக்கம். அது கையில் ஒட்டும், ஆனால் வராது என்ற பதத்தில் மற்றும் ரெசினும். சதுர மீற்றருக்கு 450 கிராம் மற் என்றால் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. மூன்று அடுக்குப் போட்டோம். ஒவ்வொரு அடுக்கிலும் வெள்ளை தெரியாமல் றோலரால் காற்றை வெளியே தள்ளவேண்டும். வெள்ளை தெரிகிற இடம் ரெசின் ஊறாத இடம். விளிம்பில் பழைய ஹோஸ் பைப் ஒன்றை நீளத்துக்குப் பிளந்து வளையமாக வைத்து அதுக்கு மேலேயும் மற் போட்டோம். அந்த விளிம்புதான் முழுத் தொட்டியையும் வட்டமாகப் பிடித்து வைத்திருக்கு.

கணக்கு இப்படி: பரப்பு 4 சதுர மீற்றர், மூன்று அடுக்குக்கு மற் சுமார் 6 கிலோ, அதன் இரண்டரை மடங்கு ரெசின் 15 கிலோ. காய்ந்த தொட்டி 25 கிலோவுக்குள். அது பிடிக்கிற தண்ணி 750 கிலோ. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அதே அளவுச் சீமெந்துத் தொட்டியைக் கட்டின இடத்தில் இருந்து அசைக்க ஏலாது.

ஆபத்தையும் சொல்லவேண்டும். ஹார்ட்னர், ரெசினின் நிறையில் நூற்றுக்கு ஒன்றில் இருந்து இரண்டு. வன்னி வெயிலில் கூட விட்டால் கலக்கின பாத்திரத்துக்குள்ளேயே புகைந்து இறுகும். விடியக் காலமை வேலை செய்யிறது நல்லது. ஊதா நிறக் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினுக்குள் நன்றாகக் கலக்கி, பிறகுதான் ஹார்ட்னர். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும், கண்ணாடி போடாமல் தொடக்கூடாது. ரெசின் மணம் என்று சொல்லுவது ஸ்ரைறீன் ஆவி, மூடின அறைக்குள் வேலை செய்யக்கூடாது. அராவேக்கை பறக்கிற தூசு கண்ணாடித் தூசு. துணியால் மூக்கைக் கட்டினால் காணாது.

கட்டின உடனே மீன் விடவும் கூடாது. நாட்கணக்கில் வெயிலில் காயவிட்டு, சவர்க்காரத் தண்ணியால் கழுவி, நிரப்பி ஊற்றி, திரும்ப நிரப்பி ஊற்றி, மணம் முற்றாகப் போன பிறகுதான். அதுக்குப் பிறகும் பற்றீரியா குடியேற நாலில் இருந்து ஆறு கிழமை. பொறுமை இல்லாதவர்களின் மீன் அமோனியாவில் சாகும். எங்கட முதல் ஐந்து மீனும் அப்பிடித்தான் போனது.

இப்ப திலாப்பியா நிற்குது. நாளுக்கு 100 கிராம் தீன் போட்டால் ஏறக்குறைய 2 சதுர மீற்றர் கீரைப் பாத்திக்குச் சத்துக் காணும். கங்குனும் பொன்னாங்காணியும் நல்லா வருது. நியூ அல்கெமியின் தொட்டிக்கு வெயில் வேணும், எங்கட தொட்டிக்கு நிழல் வேணும். இங்க வெயில் பட்டால் தண்ணி சூடாகி ஒட்சிசன் குறையும், பாசி பம்பை அடைக்கும். மேலே வலை போட்டிருக்கிறோம், நுளம்பு முட்டை போட்டால் மீன் பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனால் மட்டும் நெஞ்சு இடிக்கும். பற்றறியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று இல்லாமல் இதைத் தொடங்காதீங்கோ.

காசுக் கணக்கில் இது மலிவும் இல்லை. ரெசினும் மற்றும் இறக்குமதி, டொலரோடு ஏறும் இறங்கும். பழைய நீலப் பரலை வெட்டினால் செலவு குறைவு. ஒரே இடத்தில் இருக்கப்போகிறதென்றால் கம்பிவலை வைத்துப் பூசுகிற சீமெந்துத் தாங்கி நீடிக்கும். போருக்குப் பிறகு வன்னியில் கட்டின மழைநீர்த் தாங்கிகள் அதுக்குச் சாட்சி. பைபர் உடைந்தால் ஒட்டலாம், ஆனால் ஒட்டமுடியாமல் போனால் உக்காது, எரித்தால் நச்சுப் புகை. கரையில் கவிழ்ந்து கிடக்கிற பழைய படகுகளுக்கு என்ன செய்யிறது என்று ஆருக்கும் தெரியாது. எங்கட தொட்டியும் ஒரு நாள் அந்த வரிசையில் சேரும். அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேணும்.

ஆருக்கு இந்தத் தொட்டி?

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த கேள்விக்குத் திரும்புவோம். ஊற்றுள்ள ஊரில், சொந்தக் காணியும் கிணறும் உள்ள குடும்பத்துக்கு இந்தத் தொட்டி தேவையில்லை என்றுதான் இப்ப நினைக்கிறோம். மண்ணில் கீரை நடலாம், குளத்து மீனைச் சந்தையில் வாங்கலாம்.

ஆனால் இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் கேப்பாப்புலவு இருக்கு. இராணுவம் பிடித்த காணியைத் தா என்று சனம் 2017 முழுக்க வீதியில் இருந்தது. மாதிரிக் கிராமத்தில் குடுத்த சின்னத் துண்டுக் காணியில் வாழ்ந்துகொண்டு, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தங்கட தென்னையையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கேப்பாப்புலவு மட்டும் இல்லை, வாடகை வளவில் இருக்கிறவர்கள், உறவினர் காணியில் கொட்டில் போட்டிருக்கிறவர்கள், உறுதி இல்லாத காணியில் நிரந்தரமாக எதையும் கட்டப் பயப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கினம். 2010களின் தொடக்கத்தில் உணவு விவசாய அமைப்பு காசாவில் பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்களின் வீட்டுக் கூரைகளில் அக்குவாபோனிக்ஸ் அமைத்துக் குடுத்தது. முற்றுகைக்குள், நிலம் இல்லாத இடத்தில், கூரையே வயலானது. பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பம் என்ற சொல் வன்னியில் விளக்கம் தேவைப்படாத சொல்.

குளம் ஊருக்கு, கிணறு காணிக்கு, குடம் ஆளுக்கு. பைபர் தொட்டி குடத்தின் பக்கத்தில் சேருகிற சாமான். காணி போனாலும் கூட வரும். அதை நாங்கள் தீர்வு என்று சொல்ல வரவில்லை. காணி கேட்கிறவர்களுக்குத் தொட்டியைக் குடுத்துச் சமாளிக்கிற திட்டம் ஏதும் வந்தால் முதலில் எதிர்க்கிறவர்களாக நாங்கள் இருக்கவேண்டும். காணி கிடைக்கும்வரை, கிடைத்த இடத்தில், பிள்ளைகளின் சோற்றுக் கோப்பையில் ஒரு துண்டு மீனும் கொஞ்சம் கீரையும் விழ இது உதவும். அவ்வளவுதான் இதன் பயன்.

இன்னொரு விசயம், எங்களுக்குப் பெரியது. இரண்டாவது தொட்டியை எங்களால் கட்ட முடிந்தது ஒரு மனிசன் பக்கத்தில் நின்று சொல்லித்தந்ததால். அச்சு ஏன் உள்ளுக்கு மடியவேணும், எந்தப் பதத்தில் அடுத்த அடுக்கு, வெயில் ஏறினால் எவ்வளவு ஹார்ட்னரைக் குறைக்கிறது, இதொன்றும் நாங்கள் பார்த்த காணொளிகளில் எங்கட வெயிலுக்கும் எங்கட கடைச் சாமானுக்கும் ஏற்ற மாதிரி இல்லை. அது காரைநகரில் தொடங்கி, கரை கரையாக, கை கையாக வந்த அறிவு. எங்க பழகினது என்று நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லேல்லை. எப்படிச் செய்யிறது என்பதை மட்டும் கொப்பியில் எழுதி, அடுக்குக்கு அடுக்கு படம் கீறி, அவரிடம் வாசித்துக் காட்டினோம். இரண்டு இடத்தில் திருத்தினார்.

உங்கட ஊரிலும் படகு ஒட்டுகிற ஒருவர் இருப்பார், கிணறு கட்டினவர், துருசு பூட்டினவர், பானை வனைந்தவர் இருப்பார்கள். ஒரு கொப்பியோடு போங்கோ. கதைக்க விருப்பமில்லாததைக் கேட்காதீங்கோ. கை செய்கிறதைப் பார்த்து எழுதுங்கோ.

தொட்டி வேலிக்கரையில், வேம்பு நிழலில் இருக்கு. அதே ஆக்கள் இப்பவும் எட்டிப் பார்க்கினம். இப்ப கேள்வி மாறிவிட்டது: "மீன் எப்ப பிடிக்கிறியள்?"